தலைவர் இணைப்பில் இருக்கிறார்

அத்தியாயம் 9

பதினோராம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு என் மகள் ப்ரீதா பழைய போனைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள். "அம்மா, அப்பா ஆன்லைன்ல இருக்காங்க" என்றாள். போன வாரம் அதோடு நிறுத்தியிருந்தேன். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

முன்பு வாசிக்காதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் கோமதிசங்கர் தென்காசியில் தன் அப்பாவின் உரக்கடையில் பதினாலு வருஷம் இருந்தவர். ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு, யாரிடமும் சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு குற்றாலம் புறப்பட்டார். மேலகரம் தாண்டிச் சாரல் காற்றில் ஒரு புளியங்கிளை முறிந்து அவர் மேல் விழுந்தது. முப்பத்தெட்டு வயது. எதற்காகக் குற்றாலம் போனார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

அவருக்கு ஒரே ஒரு பழக்கம்தான். மாலை ஏழு முதல் ஒன்பது வரை கடைக் கம்ப்யூட்டரில் ஒரு விண்வெளி விளையாட்டு. அதில் 'பொதிகை' என்று ஓர் அணி வைத்திருந்தார். அறுபத்தொரு பேர். அவர்தான் தலைவர். பேரருவி, சிற்றருவி, ஐந்தருவி, புலியருவி, செண்பகாதேவி என்று அவர்களுடைய ஐந்து விண்வெளி நிலையங்களுக்கும் இவர்தான் பெயர் வைத்தார். சண்டை விளையாட்டு என்று சொல்லித்தான் நான் வருஷக்கணக்காகச் சண்டை போட்டேன். ஆனால் அவர் ஒரு குண்டு சுட்டு நான் பார்த்ததில்லை. யார் எந்த நிலையத்துக்குக் காவல், யாருக்கு யாரோடு மனஸ்தாபம், யாரை எங்கே அனுப்பலாம் என்று தட்டச்சு செய்துகொண்டே இருப்பார்.

அந்தப் பழைய போனில் இருந்த விளையாட்டுச் செயலியில், இறந்துபோனவரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. கீழே ஒரு வரி: தலைவர் இணைப்பில் இருக்கிறார். அதற்குப் பிறகு தினமும் ஆறு மணிக்கு அது எரிந்தது. ஏழரைக்கு அணைந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளையையும் சொல்லக்கூடாது என்று அடக்கிவைத்திருந்தேன்.

*

பதினாறாம் நாள். ஆண்கள் காரியத்துக்குக் குற்றாலம் போய் ஈர வேட்டியோடு திரும்பினார்கள். கொள்ளி போட்ட, அவருடைய சித்தப்பா மகனே அன்றும் எல்லாம் செய்தான். பெற்ற அப்பா தள்ளி நின்றார். போகவும் வரவும் அந்தப் புளியமரத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும். வேனில் மாமா கண்ணை மூடிக்கொண்டே இருந்தார் என்று சொன்னார்கள்.

மாமா என்றால் என் மாமனார் ஆவுடைநாயகம். எழுபத்திரண்டு வயது. அந்த வீட்டில் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை, சொல்லித்தான் பார்த்திருக்கிறேன். கடைச் சாவி, இலத்தூர் வயல், என்ன கறி, எந்தப் பள்ளிக்கூடம், எல்லாம் அவர் சொல்வதுதான்.

குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டுப் பந்தி நடந்தது. சாப்பிட்டவர்கள் கை கழுவியதும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பினார்கள். பெங்களூரில் வளர்ந்த ஒரு மருமகப் பெண் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வர்றேன் அக்கா" என்றது.

என் மாமியார் வடிவாம்பாள் உள்ளே இருந்தே சத்தம் போட்டாள். "ஏட்டி, துஷ்டி வீட்ல வந்து யாராவது சொல்லிக்கிட்டுப் போவாளா? பேசாமப் போ."

சாவு வீட்டு வழக்கம் தெரியாத அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்து போய்விட்டது.

ஐந்து மணிக்கு மாமா சட்டையைப் போட்டார். "கடையில விளக்கேத்திட்டு வாரேன்" என்றார். கடை திறக்காமல் பதினாறு நாள் ஆகிறது. விளக்கு மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை.

அவர் தெரு முனை திரும்பியிருப்பார். பந்தல்காரர்கள் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே வாழைச் சருகு. ஓட்டி வந்த ஆளுக்கு நாற்பது வயது இருக்கும், கழுத்தில் துண்டு. இறங்கும்போதே கத்தினார்.

"ஏலே சங்கரு! வெளிய வாலே! விசேஷ வீட்டுக்குக் கூப்பிடக்கூடத் தோணலையோ உனக்கு?"

பந்தல்காரர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் வாசல் நிலையில் நின்றேன். எனக்குப் பின்னால் கூடத்தில் மாலை போட்ட படம் இருந்தது.

அந்த ஆள் என்னைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். படத்தில் இருக்கிற முகம் அவருக்குப் பழக்கமில்லை. கீழே எழுதியிருந்த பெயரை உதடு அசைய வாசித்தார். தேதியை வாசித்தார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க யாரு?" என்றேன்.

"மணிமுத்து, மதினி. வீரகேரளம்புதூர். பொதிகையில நான்தான் துணைத் தலைவர்." தேதியையே மறுபடி பார்த்தார். "இது எப்படி? முந்தாநேத்துத்தான் என்னைய வெளியேத்துனான்."

"யாரு?"

"சங்கருதான்."

*

ஆறு வருஷமாக இருவரும் தினமும் குரலில் பேசியிருக்கிறார்கள். இருபது கிலோமீட்டர் தூரம். ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை. "அடுத்த மாசம் சீசனுக்குக் குளிக்கப் போவோம், அடுத்த மாசம் போவோம்னு ஆறு சீசன் போயிட்டு" என்றார். உரக்கடைக்காரர் வீடு எது என்று விசாரித்து வந்திருக்கிறார். கை காட்டியவர்கள் வேறெதுவும் சொல்லவில்லை.

மாமியார் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, யார் என்று கேட்காமலே உள்ளே போனாள்.

"பத்து நாளு ஆளையே காணல, போன் போட்டாலும் எடுக்கல. பொறவு வந்தான். மைக் ரிப்பேர்னு எழுதுனான். அதிலேருந்து பேச்சே வேற. சங்கரு ஒருத்தனை ஒரு இடத்துக்கு அனுப்பணும்னா, 'உனக்கு முடியுமா, சோலி இருக்கா'ன்னு கேப்பான். இவன் உத்தரவு போடுதான். வர்ற ஞாயித்துக்கிழமை எதிராளிக செண்பகாதேவியை அடிக்கப் போறாங்க மதினி. பாதிப்பேரு வெறுத்துப்போயி உக்காந்திருக்கான். நான் கேட்டேன். தூக்கிட்டான்."

"என்ன கேட்டீங்க?"

போனில் பிடித்து வைத்திருந்த பக்கங்களைக் காட்டினார். மணிமுத்து எழுதியிருந்தது: 'ஏலே, உனக்கு என்னலே ஆச்சு? மண்டையில எவனும் தட்டிட்டானா?'

அதற்குத் தலைவர் எழுதியிருந்த பதில் இது:

'உ
மரியாதை தெரியாதவர்களுக்கு இங்கு இடமில்லை.'

மேலே நகர்த்தினேன். எல்லாச் செய்தியும் அப்படித்தான் இருந்தது. முதல் வரியில் தனியாக ஓர் 'உ'. அதன் கீழே உத்தரவு. 'ஐந்தருவிக்கு நால்வர் செல்லவும். தாமதம் கூடாது.'

"இந்த எழுத்து என்னன்னு எங்களுக்கு வெளங்கல" என்றார் மணிமுத்து. "ஏதோ புது ரகசியக் கோடுன்னு நெனச்சோம். ஒருத்தன் அதைப் பாத்ததும் பயந்துபோயி கப்பலைத் திருப்பிட்டு வந்துட்டான்."

எனக்கு விளங்கிவிட்டது. என் கணவர் பரீட்சைத் தாளில்கூடப் பிள்ளையார் சுழி போட்டவரில்லை. ஆனால் மளிகைச் சீட்டில், பால்காரருக்கு எழுதி வைக்கும் துண்டுத் தாளில், மருந்து வாங்கச் சொல்லும் காகிதத்தில்கூட அதைப் போடுகிற ஒருவர் எங்கள் வீட்டில் இருந்தார்.

மணி ஐந்து ஐம்பது.

"உங்க வண்டியில என்னையக் கடைக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?"

நான் படியிறங்கும்போது மாமியார் ஓடி வந்தாள். "ஏட்டி பிரியா, எங்கன போற? இன்னைக்கு நீ படி தாண்டக்கூடாதுட்டி!"

"மாமாவைக் கூட்டிட்டு வாரேன் அத்தை."

"அவுக வருவாகல்லா. விளக்கேத்தப் போயிருக்காக."

நான் ஏறிக்கொண்டேன். பந்தல்காரர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

*

சாரல் தூறிக்கொண்டிருந்தது. வண்டியின் துடைப்பான் ஒரு பக்கம்தான் வேலை செய்தது. பேசாமல் இருக்க முடியாமல் கேட்டேன்.

"இதுல அவங்களுக்கு என்ன சுகம் அண்ணாச்சி? நான் கேக்கவே இல்ல. ஒரு நாளும் கேக்கல."

அவர் ஒரு பள்ளத்தை ஒதுக்கி வண்டியைத் திருப்பினார்.

"என்னையக் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியும். பகல்ல வாழைத்தாரு ஏத்திக்கிட்டுப் புனலூர் போறேன். சாயந்திரம் தாதுமண்ணு ஏத்திக்கிட்டு செண்பகாதேவிக்குப் போறேன். ரெண்டும் லோடுதான். அங்கன போலீஸ் மறிக்க மாட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "சங்கரு சுகம் வேற. கொழும்புல ஒரு டாக்டரு, நாகர்கோவில்ல ஒரு காலேஜ் பையன். ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. அவன் இருந்தா நான் இருக்க மாட்டேன்னு ஆளுக்கொரு பக்கம் நிக்கான். நான் சொன்னேன், ஒருத்தனை அனுப்பிரு, நிம்மதியா இருக்கலாம்னு. சங்கரு என்ன செஞ்சான் தெரியுமா? எவனுமே வராத ஒரு மூலை இருக்கு. அங்கன ரெண்டு பேரையும் சேத்துக் காவல் போட்டான். மூணு நாளு. சும்மா கெடக்கணும். நாலாம் நாளு எனக்குப் போன் போட்டுச் சிரிக்கான். 'ஒட்டிக்கிட்டாங்கலே, ஒட்டிக்கிட்டாங்க'ன்னு. ஏதோ சொந்தத்துல கல்யாணம் முடிச்சு வச்ச மாதிரி."

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருந்தது. கடையிலிருந்து சிரித்துக்கொண்டே நேராக அடுக்களைக்கு வந்தார். "கப்பல் ஜெயிச்சிட்டாக்கும்?" என்றேன். "இல்ல, ரெண்டு பேரு பேசிக்கிட்டாங்க" என்றார். யார் இரண்டு பேர் என்று நான் கேட்கவில்லை. தோசை தீய்கிறது என்று திரும்பிக்கொண்டேன்.

"குடும்பத்துல இருக்கவன் எங்க மதினி போவான்? பிடிக்குதோ பிடிக்கலையோ கெடந்துதான் ஆகணும்" என்றார் மணிமுத்து. "அங்கன யாரும் யாருக்கும் பொறக்கல. ஒரு பட்டனை அமுக்குனாப் போதும், போயிரலாம். அறுபது பேரு போகாம இருந்தான். அதைத்தான் அவன் தினமும் வந்து எண்ணிப் பாத்துக்கிட்டான்னு நெனைக்கேன்."

*

கடை ஷட்டர் முழங்கால் உயரத்துக்குத் திறந்திருந்தது. குனிந்து உள்ளே போனோம். யூரியா நெடி. சாமி படத்துக்கு முன் விளக்கு நிஜமாகவே எரிந்துகொண்டிருந்தது.

மூட்டைகளுக்குப் பின்னால், என் கணவர் உட்காரும் நாற்காலியில், மாமா உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மூக்கு நுனியில். வலது கை ஆள்காட்டி விரலால் ஓர் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு விரித்துக் கிடந்தது. என் கணவர் கையெழுத்து.

என்னைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவர் போலவும் இல்லை. "படி தாண்டி வந்துட்டியாம்மா" என்றார், அவ்வளவுதான்.

"எத்தனை நாளா மாமா?"

"அணைக்கத்தான் வந்தேன்." திரையைக் கையால் காட்டினார். "இந்தச் சனியனாலதான் அவன் உருப்படாமப் போனான்னு, வயரைப் பிடுங்கத்தான் வந்தேன். ஒருத்தன் எழுதியிருந்தான். துபாய்ல எலக்ட்ரீசியனாம். 'தலைவரே, அம்மாவுக்கு ஆபரேசன், மூணு நாளு காவலுக்கு வர முடியாது'ன்னு. பதில் போடாம எப்படிம்மா அணைக்க? 'சரி'ன்னு போட்டேன். உடனே அவன், 'நீங்க இருக்கீங்கங்கிறதே தைரியம்'னு போடுதான்." கண்ணாடியைத் துடைத்தார். "சங்கர் இருக்கான்னு ஒருத்தன் சொல்லுதான். நான் எந்த வாயால இல்லைன்னு சொல்லுவேன்?"

மணிமுத்து மூட்டை ஓரமாக நின்றார். மாமா அவரை அப்போதுதான் பார்த்தார்.

"இது யாரு?"

"மணிமுத்து" என்றேன். "முந்தாநேத்து நீங்க வெளியேத்துனவங்க."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "நீரு ஏலேன்னு கூப்பிட்டீரு" என்றார். "இந்த வயசுல என்னைய யாரும் அப்படிக் கூப்பிட்டதில்ல."

மணிமுத்து சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறாக மாறி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "அவன்னு நெனச்சுல்லா அப்பா கூப்பிட்டேன்."

"தெரியும். உம்ம அனுப்புன பொறவுதான் இந்த நோட்டுல உம்ம பக்கத்தை வாசிச்சேன்."

நோட்டை என் பக்கம் தள்ளினார். ஆளுக்கு ஒரு பக்கம். துபாய்க்காரர்: 'அம்மா ஆபரேஷன் தேதி கேட்கணும்.' நாகர்கோவில் பையன்: 'அரியர் மூணு. மார்ச்சில் காவல் போடாதே.' மணிமுத்து பக்கத்தில்: 'திட்டுவான். திட்டாத அன்றைக்குத்தான் பயப்படணும்.' முதல் பக்கத்தில் தனியாக, இரண்டு முறை அடிக்கோடிட்டு: 'யாரையும் நாமாக வெளியேற்றக்கூடாது. போகிறவர்கள் போகலாம்.' ஒரே ஒரு பக்கத்தில்தான் எந்த விவரமும் இல்லை. மேலே 'வரையாடு' என்று அவர்கள் விளையாட்டில் வைத்துக்கொள்ளும் புனைபெயர். கீழே ஒரு வரி: 'எதுவும் கேட்க வேண்டாம்.'

"பதினாலு வருஷம் இந்தக் கடையில இருந்தான்" என்றார் மாமா. "ஒரு மூட்டையை எங்கன அடுக்கணும்னு நான் அவன்கிட்டக் கேட்டதில்ல. இங்கன உக்காந்து அறுபது பேருகிட்டக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கான்."

ஷட்டருக்கு வெளியே பஸ் ஒன்று சகதியை அடித்துக்கொண்டு போனது.

"மாமா, அவங்களுக்குச் சொல்லணும்."

"ஞாயித்துக்கிழமை சண்டை இருக்கும்மா. அது முடியட்டும்."

"அது முடிஞ்சா அடுத்த ஞாயித்துக்கிழமை வரும்."

"ஒரே ஒரு வாரம்."

அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. மகனைத் தூக்கிக்கொண்டு போகும்போதுகூட அவர் அப்படிக் கெஞ்சவில்லை. ஒரு வாரம் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. எனக்கும் ஆறு மணியானால் அந்தப் பச்சைப் புள்ளி வேண்டியிருந்தது. யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்தும் ஐந்து நாள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தானே நான்?

வீட்டில் பிள்ளை போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நிமிஷமும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றேன்.

அவர் நோட்டை மூடி ஓரமாக வைத்தார். பிறகு விரலை நீட்டினார். ஒவ்வோர் எழுத்தாக, பதினைந்து நிமிஷம் ஆயிற்று. நானும் உதவவில்லை, மணிமுத்துவும் உதவவில்லை. இந்த முறை மேலே சுழி போடவில்லை.

'நான் கோமதிசங்கர் இல்லை. அவனுடைய தகப்பன். என் மகன் சென்ற மாதம் காலமாகிவிட்டான். இன்று பதினாறாம் நாள். இதுவரை எழுதியது நான். மணிமுத்துவை நீக்கியது என் தவறு. எல்லாரும் மன்னிக்கவும்.'

அனுப்பினார்.

திரையின் வலது ஓரத்தில் பெயர்கள் வரிசையாக இருந்தன. முப்பது, முப்பத்தைந்து பச்சைப் புள்ளிகள். யாரும் எதுவும் எழுதவில்லை. ஒரு நிமிஷம் போனது. ஒரு புள்ளி அணைந்தது. இன்னொன்று. பிறகு மளமளவென்று.

மாமா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "போறாங்களே" என்றார். "எல்லாரும் போறாங்களேம்மா. ஒரு வார்த்தை சொல்லாமப் போறாங்களே. நான் கெடுத்துட்டேன்."

மணிமுத்து கிட்டே வந்து திரையைப் பார்த்தார். "அணியை விட்டு யாரும் போகலப்பா. பேரு பூரா அப்படியே இருக்கு பாருங்க. இன்னைக்கு எந்திரிச்சுப் போறான், அவ்வளவுதான்." துண்டால் மூக்கைத் துடைத்தார். "துஷ்டி வீடுல்லா. சொல்லிக்கிட்டா போவான்?"

மாமா உடைந்துபோனார். அந்தப் பதினாறு நாளில் அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். மூட்டைகளுக்கு நடுவே, ஒரு கையை விசைப்பலகையின் மேலேயே வைத்துக்கொண்டு அழுதார்.

அவர் அடங்கியபோது வரிசை முழுக்கச் சாம்பல் நிறமாகியிருந்தது. தலைவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை. கடைசியில், அடியில், இன்னொரு பச்சை.

வரையாடு.

"இது யாரு அண்ணாச்சி?"

"தெரியாது மதினி. நாலு மாசத்துக்கு முன்னால சங்கருதான் சேத்தான். பேசவே பேசாது. ஆணா பொண்ணான்னுகூடத் தெரியாது."

எழுதிக்கொண்டிருப்பதற்கான மூன்று புள்ளிகள் வந்தன. நின்றன. மறுபடி வந்தன. பிறகு வரிகள் விழுந்தன.

'ஐயா, அந்தச் சனிக்கிழமை அவர் என்னைப் பார்க்கத்தான் குற்றாலம் வந்தார். ஐந்தருவி பஸ் நிற்கும் இடத்தில் ஆறு மணி வரை மழையில் நின்றேன். ஏமாற்றிவிட்டார் என்று இத்தனை நாளும் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.'

மணிமுத்து ஓரடி பின்னால் நகர்ந்தார். எனக்கு அந்த நோட்டின் ஒற்றை வரி மட்டும் கண்ணில் நின்றது. எதுவும் கேட்க வேண்டாம்.

மாமா ஆள்காட்டி விரலை விசைப்பலகைக்கு மேலே தூக்கினார். அது அங்கேயே நின்றது. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"என்ன எழுதட்டும்மா?" என்று கேட்டார்.

ஒரு யூரியா மூட்டையை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.